குல்மார்க்கில் குடும்பத்தோடு ஒரு நாள் ஸ்கீ: எது சொதப்பும், எப்படிச் சமாளிப்பது

காஷ்மீரின் குல்மார்க்கில், காலில் நீளப் பலகைகளை மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீ நாளின் சொதப்பல்களில் பல, சரிவில் கால் வைப்பதற்கு முன்பே, வாடகைக் கடையிலேயே தொடங்கிவிடும். கூட்டம் நெருக்கும், கடைக்காரர் கண்ணளவில் ஒரு ஜோடி பூட்ஸை நீட்டுவார், விளையாடப் போகும் அவசரத்தில் குழந்தையும் "சரியா இருக்கு" என்று தலையாட்டிவிடும். எவ்வளவு கூட்டமானாலும் அங்கே அரை மணி நேரம் செலவழியுங்கள்.

ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். பாதம் 26.5 செ.மீ. என்றால் பூட்ஸும் 26.5. நிமிர்ந்து நிற்கும்போது விரல்நுனி முன்பக்கம் லேசாகத் தொட வேண்டும். முழங்காலை முன்னால் மடக்கினால் விலக வேண்டும். குதிகால் தூக்கினால் சின்ன அளவு கேளுங்கள். குளிருக்குப் பயந்து இரண்டு சாக்ஸ் போடுவது நம்மவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. மடிப்பு விழுந்து கொப்புளம் வரும், ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். முழங்கால் வரை வரும் ஒரே சாக்ஸ் போதும்; உள்பேன்ட்டின் நுனி பூட்ஸுக்குள் போகக் கூடாது.

அடுத்தது பைண்டிங், அதாவது பூட்ஸை ஸ்கீ பலகையோடு பிணைக்கும் பிடி. விழும்போது பூட்ஸை விடுவிக்க வேண்டியது இதுதான். முன்னாலும் பின்னாலும் சின்ன ஜன்னலில் ஓர் எண் தெரியும். எடை, உயரம், வயது, திறமை, பூட்ஸ் அடிநீளம் ஆகியவற்றை வைத்து அதை அமைக்க வேண்டும். 70 கிலோ எடையுள்ள புதியவருக்கு 4 முதல் 6 என்ற அளவிலும், குழந்தைக்கு அதைவிட மிகக் குறைவாகவும் இருக்கும். எடையைக் கேட்காமலே ஸ்கீயைக் கொடுத்தால், முந்தைய ஆளுக்கு வைத்த எண் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். அதிகமாக இருந்தால் கழலாது, முழங்கால் திருகிக்கொள்ளும். குறைவாக இருந்தால் நின்ற இடத்திலேயே கழன்றுவிடும். ஹெல்மெட்டை எடுத்து வைக்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள்.

வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. குடும்பத்தில் இரண்டு பேரிடமாவது போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும், அதனால் போன் உள்சட்டைப் பையில். தங்கும் இடத்தின் பெயரையும் உங்கள் எண்ணையும் ஒரு டேப்பில் எழுதிக் குழந்தையின் ஹெல்மெட்டுக்குள் ஒட்டிவிடுங்கள்.

முதல் நாள் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய தாழ்வான சரிவுகள் போதும். குல்மார்க்கே 2,650 மீட்டர் உயரம். கொண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் அபர்வத் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டிவிடும். மேலே பார்வை அழகுதான். ஆனால் தலைவலி, மூச்சிரைப்பு எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கும். சீராக்காத சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்தும் உண்டு. 2023 பிப்ரவரி 1-ல் அங்கே இரண்டு போலந்து நாட்டவர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனால் கொண்டோலாவிலேயே திரும்பிக் கீழே வாருங்கள்.

பூட்ஸ் பைண்டிங்கில் மாட்டாமல் வழுக்கினால், பூட்ஸின் அடியில் பனி ஒட்டியிருக்கும். கையில் பிடிக்கும் ஸ்கீ குச்சியின் நுனியால் சுரண்டிவிட்டு, முதலில் விரல் பக்கம், பிறகு குதிகாலை அழுத்தினால் "டக்" என்று விழும். சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்கத்து ஸ்கீயை முதலில் மாட்டுங்கள். விழுந்தால் இரண்டு ஸ்கீயையும் உடலுக்குக் கீழ்ப்பக்கம், சரிவுக்குக் குறுக்கே கொண்டுவந்த பிறகே எழ முயலுங்கள். ஸ்கீ நுனி சரிவின் கீழ்நோக்கி இருந்தால் எழுந்த மறுகணமே வண்டி கிளம்பிவிடும்! குச்சியின் வாரைக் கையில் சுற்றாதீர்கள், கட்டைவிரல் தசைநார் கிழியும்.

சரிவில் மேலே இழுத்துச் செல்லும் இழுவை லிஃப்டில் உட்காரக் கூடாது; நின்றபடியே இழுபட வேண்டும். விழுந்தால் பிடியை விட்டு உடனே பாதையிலிருந்து உருண்டு விலகுங்கள், பின்னால் ஆள் வந்துகொண்டிருப்பார். துப்பட்டா, மஃப்ளர் நுனிகளை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுங்கள். ஸ்லெட்ஜ் இழுப்பவர்கள் சரிவைக் குறுக்கே கடப்பார்கள். அந்தத் தடத்தில் நின்று போட்டோ எடுக்காதீர்கள்.

விரல்நுனி வெளுத்து மரத்தால் பனியால் தேய்க்க வேண்டாம். அக்குளில் வைத்துச் சூடேற்றுங்கள். பக்கத்தில் யாராவது காங்கடி என்ற தணல் சட்டியை நீட்டுவார்கள், அதில் காட்டாதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, சுட்டுக்கொள்ளும். குழந்தைக்கு இன்னொரு ஜோடி கையுறை அவசியம், மதியத்துக்குள் முதல் ஜோடி நனைந்திருக்கும்.

அடிபட்டால், காயப்பட்டவருக்கு மேல்பக்கம் சில மீட்டர் தள்ளி இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாகப் பனியில் குத்துங்கள். மேலிருந்து வருபவர் விலகிப் போவார். முழங்கால் வீங்கினாலோ கால் கோணினாலோ பூட்ஸைக் கழற்றாதீர்கள், அதுவே கட்டுப்போல் தாங்கும். கழுத்து, முதுகு வலித்தால் ஸ்லெட்ஜில் தூக்கிப் போட விடாமல் 112-ஐ அழைத்துக் காத்திருங்கள். முதலுதவிக்கு, குல்மார்க்குக்குக் கீழே உள்ள தங்மார்க் ஊரின் மருத்துவமனை. எலும்பு முறிவென்றால் ஸ்ரீநகர் பர்சுல்லாவில் உள்ள எலும்பு மூட்டு மருத்துவமனை.

மதியத்துக்குப் பிறகு கால் சோர்ந்து முழங்கால் மடங்க மறுக்கும். "கடைசியா ஒரு தடவை" என்று குழந்தை கெஞ்சினாலும் அப்போதே நிறுத்திவிடுங்கள். ஸ்கீயைத் திருப்பிக் கொடுக்கும் முன், அது நீங்கள் எடுத்ததுதானா என்று அதன் மேலுள்ள எண்ணைச் சரிபாருங்கள். டீக்கடை வாசலில் சாத்தியவை அடிக்கடி கைமாறும். தங்மார்க் இறங்கும் சாலை இருட்டியதும் கண்ணாடிப் பனியாகும், எனவே டயரில் சங்கிலி பூட்டிய வண்டியை வெளிச்சம் இருக்கும்போதே பிடித்துவிடுங்கள்.