யாருக்கும் தெரியாமல் கன்ட்ரி இசை கேட்பவர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

அமெரிக்காவின் பெரிய நகரங்களில் படித்தவர்களிடம் "என்ன பாட்டுக் கேட்பீர்கள்?" என்று கேட்டால், "எல்லாமே கேட்பேன், கன்ட்ரியைத் தவிர" என்ற பதில் அடிக்கடி வரும். தென் மாநிலங்களின் மலைக்கிராமங்களிலும் நிலக்கரிச் சுரங்கங்களிலும் பஞ்சாலைகளிலும் உழைத்த ஏழைகளின் பாட்டு அது. அதைப் பிடிக்கும் என்று சொல்வது கௌரவக் குறைச்சல் என்று நெடுநாளாகவே ஒரு நினைப்பு ஊறிப்போயிருக்கிறது. அதனால் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்பவர்கள் ஏராளம்.

நீங்களும் அப்படியா? ஒளித்துக் கேட்பதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் கேட்பதை அரைகுறையாகக் கேட்காதீர்கள். காது தேறிவிட்டால் கூச்சம் தானாக விலகும் என்பது என் அனுபவம்.

படி 1: ஏற்கெனவே கேட்டதைக் கணக்கில் எடுங்கள்

வெறுங்கையோடு தொடங்குகிறோம் என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பர் வந்தால் ஜிம் ரீவ்ஸின் குரல் கேட்கும். அவருடைய கிறிஸ்துமஸ் இசைத்தட்டு 1963இல் வந்தது. அடுத்த ஆண்டே விமான விபத்தில் இறந்துபோனார். டெக்சாஸில் பிறந்த அவர் முழுக்க முழுக்க ஒரு கன்ட்ரி பாடகர். ஜான் டென்வரின் 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்' (1971), கென்னி ராஜர்ஸின் 'தி கேம்ப்ளர்' (1978) இரண்டும் கல்லூரி விடுதிகளில் கிட்டார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் பழக்கமானவை. பாதி தூரம் முன்பே வந்துவிட்டீர்கள்.

படி 2: ஒரு குரலோடு உட்காருங்கள்

நல்ல இயர்போன், ஒரே ஒரு பாட்டு. என் தேர்வு பேட்சி கிளைன் பாடிய 'கிரேசி' (1961). எழுதியவர் அப்போது பெரிதாக அறியப்படாதிருந்த வில்லி நெல்சன்.

அந்த ஆண்டு கோடையில் நடந்த கார் விபத்தில் பேட்சிக்குப் பலத்த அடி. ஒலிப்பதிவுக்கு வந்தபோதும் விலா எலும்பு வலி தீரவில்லை. உயர்ந்த ஸ்வரங்களுக்கு மூச்சுப் பிடிக்க முடியவில்லை. தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி முதலில் வாத்தியங்களை மட்டும் பதிவு செய்துகொண்டார். சில வாரங்கள் கழித்து பேட்சி திரும்பி வந்து அதன்மேல் பாடினார்.

முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாவது தடவை, தாளத்துக்கும் குரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைக் கவனியுங்கள். தாளம் விழும் இடத்தில் அவர் விழுவதில்லை. ஒரு நூலிழை தாமதித்து, ஸ்வரத்தைக் கீழிருந்து தொட்டு ஏறுகிறார். மூன்றாவது தடவை, வரியின் கடைசிச் சொல்லை எப்படி விடுகிறார் என்று பாருங்கள். அழுகை எங்கும் இல்லை. ஆனால் அழுது முடித்தவரின் குரல் அது என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

படி 3: பெடல் ஸ்டீலை அடையாளம் காணுங்கள்

கன்ட்ரி பாட்டில் பின்னால் ஒன்று இழைந்துகொண்டே இருக்குமே, அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். மேசைபோல் கிடையாக வைத்து, கம்பிகளின்மேல் உலோகத் துண்டை நகர்த்தி வாசிப்பார்கள். இதன் மூதாதை ஹவாய்த் தீவுகளின் ஸ்டீல் கிட்டார். காலால் பெடலை அழுத்தினாலோ முழங்காலால் நெம்புகோலைத் தள்ளினாலோ குறிப்பிட்ட கம்பிகளின் சுருதி மட்டும் ஏறும் அல்லது இறங்கும். மற்றவை அசையாமல் நிற்கும். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கூட்டொலிக்குள் ஒரே ஒரு ஸ்வரம் மட்டும் வளைந்து போவதால்தான் அந்த ஏக்கம் பிறக்கிறது. வீணையில் ஜாருவை, அதாவது ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதை, ரசிக்கத் தெரிந்த காதுக்கு இது உடனே பிடிபடும்.

பயிற்சிக்கு வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' (1954) போதும். அதில் பட் ஐசக்ஸ் பெடலை அழுத்தி ஸ்வரத்தை வளைத்த விதத்தைக் கேட்டு, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லின் ஸ்டீல் கலைஞர்கள் பலர் தங்கள் வாத்தியத்தில் பெடல் பொருத்திக்கொண்டார்கள்.

படி 4: கதையை முழுதாகக் கேளுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை. கன்ட்ரி பாட்டின் உயிர் சொல்லில் இருக்கிறது. வரிகளைத் திரையில் வைத்துக்கொண்டு ஜார்ஜ் ஜோன்ஸின் 'ஹீ ஸ்டாப்டு லவ்விங் ஹெர் டுடே' (1980) கேளுங்கள். சாகும்வரை உன்னை நேசிப்பேன் என்று சொன்ன ஒருவனைப் பற்றிய கதை. சுவரில் அவள் படம், பழைய கடிதங்கள், அன்பைச் சொன்ன இடங்களில் எல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு. இன்றுதான் அவன் அவளை நேசிப்பதை நிறுத்தினான் என்கிறது பல்லவி. ஏன் நிறுத்தினான் என்பதை நேராகச் சொல்லாமல் நம்மையே கண்டுபிடிக்க விடுகிறார்கள். புரியும் கணத்தில் வயலின்கள் மேலே ஏறுகின்றன.

அடுத்து லொரெட்டா லின்னின் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (1970). கென்டக்கியின் சுரங்கக் கிராமத்தில் தான் வளர்ந்த வறுமையைத் தலை நிமிர்ந்து சொல்கிறார். எதை நினைத்து நாம் கூச்சப்படுகிறோமோ, அதையே அவர் பெருமையாகப் பாடுகிறார். கூச்சம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

படி 5: பின்னோக்கிப் போங்கள்

இன்றைய வானொலியில் தொடங்காதீர்கள். பிக்கப் வண்டியும் பீரும் நிறைந்த பாட்டுகளை மட்டுமே கேட்டுவிட்டு இதுதான் கன்ட்ரி என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம்.

1927 கோடையில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர், டென்னசி-வர்ஜீனியா எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரில் ஒலிப்பதிவுக் கருவிகளோடு வந்து இறங்கினார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அங்கேதான். மேபெல் கார்ட்டர் கட்டைவிரலால் கீழ்ஸ்தாயிக் கம்பிகளில் மெட்டை வாசித்துக்கொண்டே மற்ற விரல்களால் தாளம் தட்டுவார். பதிவு பழையது, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு 29 வயதில், 1953 புத்தாண்டு நாளில் இறந்த ஹேங்க் வில்லியம்ஸ். அதன்பின் ஜானி கேஷ் 1968 ஜனவரி 13 அன்று கலிபோர்னியாவின் ஃபோல்சம் சிறைக்குள் பாடிய நிகழ்ச்சி. கைதிகளின் ஆரவாரமும் அதில் ஓர் அங்கம். சிறைவாசத்தை உண்மையிலேயே அனுபவித்துப் பாடியவர் வேண்டுமென்றால், சான் குவென்டினில் இருந்த மெர்ல் ஹேகர்ட்.

படி 6: சங்கடத்தை நேராகப் பாருங்கள்

இது வெள்ளையர் இசைதானே என்ற உறுத்தல் பலருக்கு உண்டு. நியாயமான உறுத்தல்தான், ஆனால் வரலாறு அப்படி இல்லை. கன்ட்ரியில் அடிக்கடி கேட்கும் தந்தி வாத்தியமான பாஞ்சோவின் வேர் ஆப்பிரிக்காவில். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் கரீபியத் தீவுகளிலும் வட அமெரிக்காவிலும் உருவாக்கிய வாத்தியம் அது. நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியின் தொடக்ககால நட்சத்திரங்களில் ஒருவர் மவுத் ஆர்கன் கலைஞர் டிஃபோர்ட் பெய்லி, கறுப்பினத்தவர். 1941இல் அவரை வெளியேற்றினார்கள். கன்ட்ரி கலைஞர்களைக் கௌரவிக்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் அவர் பெயர் சேர 2005 ஆனது, அதற்குள் அவர் மறைந்துவிட்டார். இன்னொரு கறுப்பினப் பாடகர் சார்லி பிரைடின் முதல் இசைத்தட்டுகளை வானொலி நிலையங்களுக்கு அனுப்பும்போது அவர் படத்தைச் சேர்க்கவில்லை. இந்த அநீதிகளைத் தெரிந்துகொண்டு கேட்டால் பாட்டின் கனம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. கறுப்பினப் பாடகர் ரே சார்ல்ஸ் 1962இல் கன்ட்ரி பாடல்களை மட்டுமே வைத்து ஓர் இசைத்தட்டு போட்டார். அதையும் தவறவிடாதீர்கள்.

படி 7: ரகசியத்தைக் காப்பதும் உடைப்பதும்

வீட்டில் எல்லோரும் ஒரே கணக்கில் பாட்டுக் கேட்டால் உங்கள் ருசி பரிந்துரைகளில் வெளிப்பட்டுவிடும். தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வேண்டும் என்று தோன்றும் நாளில், ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். "எனக்கு கன்ட்ரி பிடிக்கும்" என்று அறிவிக்காதீர்கள்; ஒரு பாட்டைப் போடுங்கள். விட்னி ஹூஸ்டன் 1992இல் பாடிய 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' எல்லோருக்கும் தெரியும். அதை எழுதி, 1974இல் முதலில் வெளியிட்டவர் டாலி பார்ட்டன். டாலியின் பதிவைப் போடுங்கள். மூன்று நிமிடம் வரைதான். கடைசிச் சரணத்தை அவர் பாடாமல் பேசுவார்; அந்த இடத்தில் நீங்கள் வாய் திறக்க வேண்டாம். முடிந்ததும் "இது யார்?" என்று கேள்வி வரும். பெயரைச் சொல்லிவிட்டு, கையோடு அவருடைய 'ஜோலீன்' போட்டுவிடுங்கள்.