மரபணு ஆய்வுக்கு மீன் மாதிரி எடுப்போர் கவனத்திற்கு

பாம்பன், மண்டபம், கீழக்கரை கரைகளில் இறங்கும் மீன்களை மரபணு வழியே இனங்காண விரும்பும் மாணவர்கள், மாதிரியை ஃபார்மலினில் போடவே கூடாது. அது உடலின் வடிவத்தைக் காக்குமே தவிர, டி.என்.ஏ.வைப் புரதங்களோடு பிணைத்துச் சிதைத்துவிடுவதால், பின்னர் பி.சி.ஆர். (டி.என்.ஏ.வின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) செய்யும்போது பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும்.

மீனின் இடப்பக்கத்தை அளவுகோலுடன் படமெடுத்துக்கொண்டு, வலப்பக்கத் துடுப்பிலோ தசையிலோ சிறு துண்டு வெட்டி, அதைப்போல் பத்து மடங்கு 95 சதவீத எத்தனாலில் இடுங்கள். தசையிலுள்ள நீர் எத்தனாலை நீர்க்கச் செய்யும் என்பதால் மறுநாள் அதை மாற்றிவிடுவது நல்லது. ஒரு மீனை வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த மீனைத் தொடக் கூடாது. பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும். ஆகவே பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்குள்ளேயே போடுங்கள்.

ஆய்வில் பொதுவாகப் படிக்கப்படுவது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவிலுள்ள சி.ஓ.ஐ. என்ற மரபணுவின் ஏறத்தாழ 650 டி.என்.ஏ. எழுத்துகள் (காரங்கள்) கொண்ட பகுதியாகும். ஒரே செல்லில் இதன் பிரதிகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் சிறு துண்டே போதும். திடீர் மாற்றங்கள் இதில் விரைவாகச் சேர்வதால், பார்வைக்கு ஒன்றுபோல் தெரியும் சூடை மீன் வகைகளைக்கூடப் பெரும்பாலும் பிரித்தறியலாம். ஆனால் இது தாய்வழியே மட்டும் வருவதால், கலப்பினத்தை இதைக்கொண்டு மட்டும் உறுதிசெய்ய இயலாது.

கடல் அட்டை, கடல் குதிரை, கடல் பசு ஆகியவை சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கரையில் இறந்து ஒதுங்கியிருந்தாலும் வனத்துறையின் அனுமதியின்றி மாதிரி எடுக்காதீர்கள்.