போர் நாவலையும் போர் வரலாற்றையும் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் உலகப் போர் சிப்பாய்களை என்ன பாடு படுத்தியது என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் ஜெர்மன் எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க்கின் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’ நாவலை எடுத்துப் போடுவார். உடனே இன்னொருவர், “அது கதைதானே, வரலாறு என்ன சொல்கிறது?” என்பார். ஒப்பீடு தடம் மாறுவது இங்கேதான்.

நாவல் என்றால் கற்பனை, ஆவணம் என்றால் உண்மை என்று கோடு கிழித்துக்கொண்டு தொடங்காதீர்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்பிய அச்சடித்த தபால் அட்டை ஒன்று உண்டு. ‘நான் நன்றாக இருக்கிறேன்’, ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்’ என்று வரிகள் முன்கூட்டியே அச்சாகியிருக்கும். வேண்டாத வரிகளை அடித்துவிட்டு, தேதியும் கையெழுத்தும் மட்டும் போடலாம். வேறு எதையாவது சேர்த்து எழுதினால் அட்டை அழிக்கப்படும் என்ற எச்சரிக்கையும் அதிலேயே இருந்தது. ‘ராத்திரி தூக்கம் வரவில்லை, கை நடுங்குகிறது’ என்பதற்கு அதில் வரியே கிடையாது. ஆனால் அதுவும் அசல் ஆவணம்தான்.

பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களில் சிக்கல் இன்னும் அதிகம். எழுதத் தெரியாதவர்கள் பிறரிடம் சொல்லி எழுதவைத்தார்கள். ஊரில் வேறு யாரோ வாசித்துக் காட்டினார்கள். நடுவில் தணிக்கை அதிகாரி. அதனால் கருப்பு மிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகு என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய் என்று பூடகமாக எழுதினார்கள். இன்று நம் கையில் இருப்பவை பெரும்பாலும் அந்தத் தணிக்கை அலுவலகம் மொழிபெயர்த்து வைத்த பகுதிகள். அதாவது, எதைக் கண்டு அதிகாரிகள் கவலைப்பட்டார்களோ அதுதான் அதிகம் மிஞ்சியிருக்கிறது.

எண்ணிக்கைக்கும் இதே கதைதான். பிரிட்டிஷ் படையில் சுமார் 80,000 பேருக்கு ‘ஷெல் ஷாக்’, அதாவது போரால் வந்த மன, நரம்புப் பாதிப்பு என்று பல நூல்களில் படிக்கலாம். அந்த எண் எப்படி உருவானது என்று பார்க்காமல் மேற்கோள் காட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் 1915-இல் மருத்துவ இதழ் ஒன்றில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தியபோது, குண்டு அருகில் வெடித்த அதிர்ச்சிதான் காரணம் என்ற எண்ணமே பரவலாக இருந்தது. ராணுவமும் அதைப் பிடித்துக்கொண்டது. எதிரியின் குண்டால் வந்த பாதிப்பு என்றால் ‘காயம்’; சும்மா நிலைகுலைந்து போனால் ‘நோய்’. காயத்துக்கு மரியாதையும் பென்ஷனும் உண்டு, நோய்க்கு அந்த மதிப்பு இல்லை. அப்புறம் 1917 ஜூனில், முன்னணியில் அந்தச் சொல்லே கூடாது, ‘இன்னும் கண்டறியப்படவில்லை, நரம்பு சம்பந்தப்பட்டது’ என்று எழுதினால் போதும் என்று உத்தரவு வந்தது. பெயரை மாற்றினால் புள்ளிவிவரமும் மாறத்தானே செய்யும்!

இனி நாவல் பக்கம். “ரெமார்க்கே சிப்பாய், அதனால் எழுதியதெல்லாம் நடந்தது” என்பது ஒரு தவறு. “அவர் முன்னணியில் சில வாரம்தானே இருந்தார், அவருக்கு என்ன தெரியும்” என்பது அதற்கு எதிர்த் தவறு. 1917 ஜூனில் மேற்கு முனைக்குப் போனவர் ஜூலை 31-ஆம் தேதி குண்டுச் சிதறலில் காயப்பட்டு, டூயிஸ்பர்க் மருத்துவமனையில் நெடுநாள் கிடந்தார். சுற்றிலும் காயம்பட்டவர்கள். அவர்கள் பேச்சைக் கேட்காமலா இருந்திருப்பார்? நாவல் நாளிதழில் தொடராக வந்தது 1928-இல், நூலானது 1929-இல். ஊர் திரும்பியும் எதிலும் ஒட்டாமல் பத்து வருடம் கழித்த தலைமுறையின் குரல் அதில் இருக்கிறது. எனவே 1917-ஐ மட்டும் வைத்து அதைச் சரிபார்ப்பது பாதி வேலைதான்.

படத்தைப் பார்த்துவிட்டு நாவலை விமர்சிப்பதையும் விட்டுவிடுங்கள். நாயகன் பவுல் பட்டாம்பூச்சியைப் பிடிக்கக் கை நீட்டிச் சாவது 1930 படத்தில். நாவலில் அது இல்லை. போர்நிறுத்தத்துக்குச் சில நிமிடம் முன்பு சாவது 2022 படத்தில். நாவலில் அவன் 1918 அக்டோபரிலேயே, அமைதியான ஒரு நாளில் செத்துவிடுகிறான். விடுப்பில் வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் ஒன்றும் சொல்ல முடியாமல், கதை கேட்கும் ஊர்ப் பெரியவர்களிடமிருந்து தப்பித்து ஓடும் பகுதியை 2022 படம் விட்டேவிட்டது. என்னைக் கேட்டால் நாவலின் உயிரே அந்தப் பகுதிதான்.

ஒரே நூலை எல்லாச் சிப்பாய்களின் அனுபவமாக நினைப்பதும் கூடாது. எழுத்தாளர் எர்ன்ஸ்ட் யுங்கரும் அதே ஜெர்மன் படையில்தான் இருந்தார், பலமுறை காயப்பட்டார், ஆனால் அவர் எழுத்தில் புலம்பலைத் தேடினால் கிடைக்காது. அதையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது, 1920-இல் வந்த தன் போர் அனுபவ நூலை அவர் திருத்தித் திருத்தி மறுபடி வெளியிட்டிருக்கிறார்.

ஷெல் ஷாக் சிகிச்சையைப் பற்றிய, பிரிட்டிஷ் எழுத்தாளர் பாட் பார்க்கரின் ‘ரீஜெனரேஷன்’ (1991) நாவலில் வாசகர்கள் தலைகீழாக ஏமாறுகிறார்கள். பேச்சிழந்த சிப்பாயின் தொண்டையில் மருத்துவர் யெலாண்ட் மின்சாரம் பாய்ச்சுவது மிகைப்படுத்தல் போலத் தோன்றும். அது யெலாண்டே 1918-இல் தன் நூலில் எழுதிவைத்தது. அதைப் பக்கத்தில் நின்று மருத்துவர் ரிவர்ஸ் (இவரும் நிஜ மனிதர்தான்) பார்ப்பதுதான் நாவலாசிரியரின் கற்பனை. ரிவர்ஸ் வேலை பார்த்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமானது. பேச்சு அடைத்துப்போவது பெரும்பாலும் சாதாரணச் சிப்பாய்களிடம்தான், அதிகாரிகளிடம் குறைவு என்று ரிவர்ஸ் கவனித்திருந்தார். பார்க்கரோ, உழைக்கும் குடும்பத்திலிருந்து அதிகாரியான பில்லி பிரையர் என்ற கற்பனைப் பாத்திரத்தை, வாய் பேசாதவனாகவே அந்த மருத்துவமனைக்குள் அனுப்புகிறார்.