வயசான பூனை சரியா சாப்பிடலயா? சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாருங்க

எங்க வீட்டு மீனாவுக்கு 13 வயசு. போன வருஷம் புதுசா ஒரு பழக்கம் வந்துச்சு, தட்டு சத்தம் கேட்டதும் ஓடி வருவா, மோந்து பாப்பா, ஒரு வாய் எடுத்து தலைய ஒரு பக்கமா சாய்ச்சு மெல்லுவா, அப்புறம் அப்படியே கீழ போட்டுட்டு ரெண்டடி தள்ளி உக்காந்து தட்டையே பாத்துட்டு இருப்பா. ருசி பிடிக்கலனு நினைச்சு மூணு வாரம் ஃபுட்ட மாத்தி மாத்தி வச்சேன். கடைசில பாத்தா கீழ்த்தாடைல ஒரு கடைவாய்ப்பல் ஈறோரமா அரிச்சுப் போயிருக்கு. பசியோட மூணு வாரம் இருந்திருக்கா, அத நினைச்சா இப்பவும் மனசு கேக்கல.

முதல் வேலை, ரெண்டு நாள் பக்கத்துல உக்காந்து எப்படி சாப்பிடுதுனு பாருங்க. எவ்ளோங்கிறது அப்புறம். மீனா மாதிரி ஆசையா வந்து, எடுத்து, கீழ போட்டா வாய்ல வலினு சந்தேகப்படணும். கிட்ட வந்து மோந்துட்டு உதட்டை நக்கி எச்சி முழுங்கி முகத்தைத் திருப்பிட்டா அது குமட்டல், வயசான பூனைல கிட்னி பிரச்சனைக்கு இப்படி அடிக்கடி வரும். மூணாவது வகைலதான் நிறைய பேர் ஏமாந்துடுறாங்க: தட்டை வழிச்சு சாப்பிட்டுட்டு இன்னும் கேக்கும், ராத்திரில கத்தும், ஆனா முதுகைத் தடவுனா எலும்பு கைல தட்டும். நல்லா சாப்பிடுதேனு சந்தோசப்படாதீங்க, தைராய்டு அதிகமா சுரந்தாலும் சுகர் வந்தாலும் இப்படித்தான். முடிஞ்சா போன்ல வீடியோ எடுத்து வைங்க, ஆஸ்பத்திரி டேபிள்ல பூனை எதுவும் சாப்பிட்டுக் காட்டாது.

ரெண்டாவது, எடை. நீங்க பூனையத் தூக்கிட்டு மெஷின்ல ஏறுங்க, அப்புறம் தனியா ஏறுங்க, கழிச்சுக்கோங்க. வாரம் ஒரு தடவ, ஒரே மெஷின்ல, நோட்டுல எழுதுங்க. 4 கிலோ பூனை 200 கிராம் குறைஞ்சா நமக்கு சின்னதா தெரியும், ஆனா 60 கிலோ ஆளு 3 கிலோ குறையுற கணக்கு அது.

மூணாவது, தண்ணி. காலைல அளந்து ஊத்தி மறுநாள் மிச்சத்தை அளங்க. 4 கிலோ பூனை தினமும் 200 மில்லிக்கு மேல குடிச்சா, இல்ல அது ஒண்ணுக்குப் போற மண் தட்டுல (லிட்டர் பாக்ஸ்) மூத்திரக் கட்டி பெருசு பெருசா வந்தா, அதையும் எழுதிக்கோங்க.

அப்புறம் டாக்டர். ரத்தத்துல கிரியாட்டினின் (கிட்னிக்கான டெஸ்ட்), சுகர், டி4 (தைராய்டுக்கான டெஸ்ட்), கூடவே யூரினும் பிபியும் பாக்கணுமானு நீங்களே கேளுங்க. பயத்துலயே பூனைக்கு சுகர் ஏறிடும், அதனால ஒரு ரிசல்ட்டை மட்டும் வச்சு பதறாதீங்க. சென்னைல இருக்கவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு.

ஒரு விஷயத்துல மட்டும் காத்திருக்காதீங்க. 24 மணி நேரம் எதுவுமே சாப்பிடலனா அன்னிக்கே கூட்டிட்டுப் போங்க. பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு எல்லாம் கல்லீரல்ல போய் சேந்துடும், அது உயிருக்கே ஆபத்து, குண்டுப் பூனைக்கு இன்னும் சீக்கிரம் வரும். வலிக்குதுனு பாரசிட்டமால் கொடுக்கவே கூடாது, கால் மாத்திரை கூட பூனையக் கொன்னுடும். சிரிஞ்சுல வலுக்கட்டாயமா ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடலாம், அந்த சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பும் வந்துடும்.

வீட்டுல செய்யக்கூடியது: வயசானா மோப்பம் குறையும், மோப்பம் இல்லனா பூனைக்குப் பசியே எடுக்காது. அதனால ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து அப்படியே வைக்காதீங்க, கிண்ணத்தோட வெந்நீர்ல வச்சு, விரல் வச்சா இளஞ்சூடா இருக்கணும். மீசை இடிக்காத தட்டையான தட்டு நல்லது. மூட்டு வலி இருந்தா குனியக் கஷ்டப்படும், தட்டுக்கு அடில ரெண்டு இன்ச் உயரத்துக்குப் பலகை வைங்க. கொஞ்சம் கொஞ்சமா நாலஞ்சு வேளை. உப்பு ஜாஸ்திங்கிறதால கருவாடு வேண்டாம்.

மீனாவுக்கு மயக்கம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, அந்தப் பல்லைப் பிடுங்குனாங்க. மறுநாள் சாயங்காலம் முள்ளெடுத்து மசிச்ச சங்கரா மீனை வச்சேன், தலைய சாய்க்காம நேரா நின்னு சாப்பிட்டா.