இம்பெல்லர் மாற்றியபின் கியர் பெட்டியைத் திரும்பப் பூட்டுவது: என் அனுபவம்

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரில், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பின் இம்பெல்லரை (ரப்பர் இறக்கைச் சக்கரம்) மாற்றுவது எளிது. கியர் பெட்டி உள்ள கீழ்ப்பகுதியை மேலே ஏற்றும்போதுதான் தவறு நடக்கும்.

முதலில் டிரைவ் ஷாஃப்டில் (எஞ்சினிலிருந்து கியருக்கு இறங்கும் தண்டு) சாவியை (இம்பெல்லரைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) வைத்து இம்பெல்லரைச் செருகுங்கள். பம்பு மூடியின் உட்புறத்தில் மெல்லியதாகக் கிரீஸ் தடவி, மேலிருந்து பார்க்க ஷாஃப்டைக் கடிகாரச் சுற்றில் திருப்பிக்கொண்டே மூடியை அழுத்தினால் இறக்கைகள் சரியான பக்கம் மடங்கும். பழைய கேஸ்கட்டை (கசிவைத் தடுக்கும் தகடு) திரும்பப் போடவே கூடாது.

டிரைவ் ஷாஃப்டின் மேல்முனையிலுள்ள ஸ்பிளைன் பற்களின் (எஞ்சினோடு பொருந்தும் நீளவாட்டப் பற்கள்) பக்கவாட்டில் மட்டும் நீர்புகாக் கிரீஸ் பூசுங்கள். ஷாஃப்டின் உச்சியில் அப்பினால், கிரீஸ் அடைபட்டு ஷாஃப்ட் முழுதாக ஏறாது. கழற்றியபோது கியர் எந்த நிலையில் இருந்ததோ அதே நிலையில் ஷிஃப்ட் ராடை (கியர் மாற்றும் கம்பி) வையுங்கள். தண்ணீர்க் குழாய் பம்பு மூடியின் ரப்பருக்குள் இறங்குவதைக் கண்ணால் பாருங்கள்; அது விலகினால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாகும்.

கீழ்ப்பகுதிக்கும் மேல்பகுதிக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள், உறை விரிசல் விட்டுவிடும். புரொப்பெல்லர் ஷாஃப்டை லேசாகத் திருப்பினால் (கியர் விழுந்திருக்க வேண்டும்) பற்கள் பொருந்தி, கையழுத்தத்திலேயே மூடிக்கொள்ளும்.

கியர் ஆயிலைக் கீழ்த்துளை வழியாக, மேல்துளையில் குமிழியின்றி வழியும்வரை ஏற்றுங்கள். மேல்திருகை முதலில் மூட வேண்டும்.

தண்ணீர் நிரம்பிய டிரம்மில் ஓட்டிப் பாருங்கள். சோதனைத் துளையில் (பம்பு வேலை செய்வதைக் காட்ட நீர் வெளிவரும் சிறு துளை) சீராக நீர் பீய்ச்சாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.