ரயரில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுவோம்

மாமா கனடாவிலிருந்து வந்து நிற்கும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில்தான் அவருடைய கார் ஒழுங்காக ஓடும். மற்ற மாதங்களில் எங்கள் வீட்டுக் கொட்டிலில் நிற்கும். கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி, ஒழுங்கை முடக்கு வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். இரண்டு வருடங்களுக்கு முன் அவரை ஏற்றக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் புறப்பட்டபோது, மாங்குளம் தாண்டியதும் பின்பக்க இடது ரயர் வெடித்தது. கார் இழுபட்டு வீதிக்கரையில் நின்றது. எதிரே வாகனம் வரவில்லை, ஒருவருக்கும் காயமில்லை.

கழற்றிப் பார்த்தால், தரையில் படும் பக்கத்தில் வெட்டியிருக்கும் பள்ளக் கோடுகளான தவாளிப்புகள் ஆழமாக, புதுரயர் போலவே இருந்தன. வீடு திரும்பியதும் சுன்னாகத்தில் வழமையாகப் போகும் ரயர் கடை அண்ணையிடம் காட்டினேன். ரயரின் பக்கத்தில் இருந்த 3811 என்ற நாலு இலக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். “தேய்ஞ்சு போகேல்லை தம்பி, நிண்டு நிண்டே பழுதாப் போச்சு” என்றார். 2011ஆம் ஆண்டின் 38ஆவது கிழமையில் செய்த ரயர் அது. நான் எத்தனையோ தரம் காரைக் கழுவியிருக்கிறேன், அந்த இலக்கத்தை ஒருநாளும் வாசித்ததில்லை.

அன்றைக்குப் பிறகு நான் பழகிக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன். காலையில், கார் ஓடாமல் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். ஓர் ஈரத்துணி, கைத்தொலைபேசியின் வெளிச்சம், தென்னோலை ஈர்க்கு ஒன்று, அடிமட்டம், காற்று அமுக்கமானி, கொப்பி, பேனை. இவ்வளவும் போதும்.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது?

ரயரை வெறும் இறப்பர் வளையம் என்று நினைத்தால் பிறகு வரும் எண்கள் எதுவும் பிடிபடாது. காற்றுத்தான் பாரத்தைத் தாங்குகிறது. அந்தக் காற்றைப் பிடித்து வைத்திருக்கும் பைதான் ரயர்.

உள்ளிருந்து வெளியே வருவோம். ஆக உள்ளே, காற்றைக் கசியவிடாத ஒருவகைச் செயற்கை இறப்பர்ப் படலம் இருக்கிறது. ரியூப் இல்லாத ரயரில் ரியூப்பின் வேலையை அதுவே செய்கிறது. அதன்மேல் பொலியெஸ்ரர் நூல்கள் பதித்த படை. இந்த நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மற்ற விளிம்புக்கு, ஓடும் திசைக்குக் குறுக்காகப் போகின்றன. இரண்டு விளிம்புகளிலும் உருக்குக் கம்பி வளையம் இருக்கும். ரயரை றிம்மோடு இறுக்கிப் பிடிப்பது அதுதான். வெட்டிப் போட்ட பழைய லொறி ரயரில் கம்பி துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே, தரையில் படும் பகுதிக்கு அடியில், மெல்லிய உருக்குக் கம்பிகள் பதித்த இரண்டு பட்டிகள் ஒன்றுக்கொன்று சாய்வாகச் சுற்றியிருக்கும். பல ரயர்களில் அவற்றின்மேல் ஒரு நைலோன் சுற்றும் உண்டு. கடைசியாகத்தான் தவாளிப்பு வெட்டிய தடித்த இறப்பர் வருகிறது.

ஆகவே மேற்பகுதியில் உருக்கு இருக்கிறது, பக்கச்சுவரில் நூலும் மெல்லிய இறப்பரும் மட்டும்தான். மேலே ஏறிய ஆணியைப் பிடுங்கி ஒட்டலாம், பக்கத்தில் ஏறியதை ஒட்டக்கூடாது என்று சொல்வது இதனால்தான். ஓடும்போது பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும், எந்த ஒட்டும் அங்கே நிலைக்காது.

இறப்பரின் இயல்பான நிறம் வெளிர்நிறம். தொடக்ககால ரயர்கள் வெள்ளையாகவே இருந்தன. காபன் கறுப்பு என்னும் தூள் கலந்த பிறகுதான் தேய்மானம் பெரிதாகக் குறைந்தது. அத்துடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்குவார்கள். 1839இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டுபிடித்த முறை இது, வல்கனைசுப்படுத்தல் என்று பாடசாலையில் படித்திருப்போம். உருளையொன்றில் படைகளை அடுக்கிக் கட்டிய, இன்னும் சூடாக்காத ‘பச்சை’ ரயரைச் சூடான அச்சுக்குள் வைத்து அழுத்தும்போது இறப்பர் இறுகுகிறது, தவாளிப்பும் பக்கத்து எழுத்துகளும் அப்போதே பதிகின்றன. செய்த கிழமையைக் காட்டும் இலக்கமும் அந்த அச்சிலிருந்து வருவதுதான்.

எங்கள் மண்ணில் பனை நிற்கும், இறப்பர் மரம் நிற்காது. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து ஈரமண் அதற்கு வேண்டும். பிரேசிலில் எடுத்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு வந்தன. இலங்கையின் இறப்பர்ச் செய்கை தொடங்கியது அங்கேதான்.

அளவை வாசித்தல்

பக்கச்சுவரைத் துடையுங்கள். பெரிய எழுத்தில் ஒரு வரிசை தெரியும். யாழ்ப்பாணத்தில் அதிகம் ஓடும் ரொயோட்டா அக்சியோ காரில் பெரும்பாலும் 175/65 ஆர்15 84எஸ் என்று இருக்கும்.

175 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பதைப் பலர் உயரம் என்று நினைக்கிறார்கள். அது வீதம். பக்கச்சுவரின் உயரம் அகலத்தின் 65 சதவீதம் என்று அர்த்தம். 175ஐ 0.65ஆல் பெருக்கினால் 113.75 மி.மீ. ஆர் என்பது ரேடியல், நூல்கள் குறுக்காகப் போகும் கட்டமைப்பு. 15 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரிசையில் மில்லிமீற்றர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து நிற்பதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

சரி, இதைக் கொண்டு முழு ரயரின் உயரத்தைக் கண்டுபிடிப்போம். பக்கச்சுவர் மேலும் கீழும் வருவதால் 113.75ஐ இரண்டால் பெருக்க 227.5. றிம் 15 அங்குலம், அதை 25.4ஆல் பெருக்க 381. கூட்டினால் 608.5 மி.மீ.

கடையில் “175 இல்லை, 185/65 போடுவம்” என்றால் இந்தக் கணக்கைச் செய்து பாருங்கள். 621.5 மி.மீ. வரும், இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகம். வேகமானி 60 காட்டும்போது கார் 61க்குச் சற்று மேல் ஓடும். 185/60 என்றால் 603 மி.மீ., ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசம். மூன்று சதவீதத்துக்குள் நிற்பது பொதுவான வழக்கம். அகலம் கூடும்போது றிம்மின் அகலம் பொருந்துமா, முழுதாக ஸ்ரியரிங் திருப்பினால் உள்ளே உரசுமா என்றும் பார்க்கவேண்டும். என்னைக் கேட்டால், கார் வந்தபோது இருந்த அளவையே தேடிப் போடுங்கள்.

எங்கள் ஊரில் இன்னும் ஓடும் பழைய மொறிஸ் மைனரில் வேறுமாதிரி, 5.20-14 என்று இருக்கும். ஆர் இல்லை, சதவீதமும் இல்லை. அகலம் 5.20 அங்குலம், றிம் 14 அங்குலம். அது நூல்கள் சாய்வாக ஒன்றையொன்று வெட்டிப் போகும் பழைய கட்டமைப்பு. மிஷெலின் நிறுவனம் ரேடியலுக்குக் காப்புரிமை பெற்றது 1946இல், அது எல்லாக் கார்களுக்கும் பரவப் பல ஆண்டுகள் சென்றன. பழைய காருக்கு ரேடியல் போடுகிறவர்கள் நாலுக்கும் போடுங்கள். ஒரே அச்சில் ஒன்று ரேடியலும் மற்றது பழைய வகையுமாக ஓடவே கூடாது.

பாரமும் வேகமும்

84எஸ் என்பதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். எனக்கு இதுதான் அளவைவிட முக்கியம்.

84 என்பது ஒரு குறியீட்டு எண். ஒரு ரயர் 500 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 75 என்றால் 387 கிலோ, 82 என்றால் 475, 88 என்றால் 560, 91 என்றால் 615. உங்கள் காருக்குச் சொன்ன எண்ணைவிடக் கூடியது போடலாம், குறைந்தது போடக்கூடாது.

வான் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள். ஹையேஸ் வானில் 195/80 ஆர்15 107/105 என்று, எல்.ரி. (LT, சிறு லொறி வகை) என்ற எழுத்துகளோடு வரும். 107 என்றால் ஒரு ரயருக்கு 975 கிலோ. 105 என்பது ஒரே பக்கத்தில் இரட்டை ரயர் போடும் வாகனத்துக்கு, 925 கிலோ. இதே 195 அகலத்தில், இதே 15 அங்குல றிம்முக்குக் கார் ரயரும் இருக்கிறது. பிரியஸுக்கு வரும் 195/65 ஆர்15 91 அப்படித்தான். றிம்மில் ஏறும், விலையும் குறைவு. ஆனால் அது தாங்குவது 615 கிலோதான். கலியாண வீட்டுச் சனத்தையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு வெயிலில் ஏ9 வீதியில் போகும் வானுக்கு அதைப் போடுவது பேராபத்து.

எஸ் என்பது வேகம். கியூ 160, எஸ் 180, ரி 190, எச் 210, வி 240 கி.மீ. எங்கள் அதிவேக வீதியிலேயே 100தான் எல்லை என்பதால் இதில் அதிகம் கவலைப்பட ஒன்றுமில்லை. காருக்குக் குறித்ததற்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

சில ரயர்களில் ட்ரெட்வெயர், ட்ரக்‌ஷன், ரெம்பரேச்சர் என்று மூன்று தரம் போட்டிருக்கும். அமெரிக்க விதிப்படி வந்தவை இவை. ட்ரெட்வெயர் 400 என்றால், அவர்களுடைய சோதனை ஓட்டத்தில் 100 என்று வைத்த ரயரைவிட நாலு மடங்கு மெதுவாகத் தேய்ந்தது என்று அர்த்தம். எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்று அதைக்கொண்டு சொல்லமுடியாது, எண்ணைத் தீர்மானிப்பதும் செய்த நிறுவனமே. ட்ரக்‌ஷன் ஈரவீதியில் நேராகப் பிரேக் பிடிப்பதை மட்டும் காட்டும், ஏஏ மிக நல்லது. ரெம்பரேச்சர் வெப்பத்தைத் தாங்கும் திறன், ஏ முதல் சி வரை. ஜப்பானில் விற்பதற்கென்று செய்த ரயர்களில் இவை இல்லாமலும் இருக்கும்.

பிறந்த கிழமை

டி.ஓ.ரி. (DOT) என்ற எழுத்துகளைத் தேடுங்கள், அது அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் குறி. அதற்குப் பின்னால் போகும் எழுத்துக் கோவையின் கடைசி நாலு இலக்கம்தான் வேண்டியது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை. மூன்றே இலக்கம் இருந்தால் அந்த ரயர் 2000க்கு முன் செய்தது, உடனே கழற்றுங்கள். முழுக் கோவை பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளியே காணவில்லை என்றால் வெளிச்சத்தைப் பிடித்து உட்பக்கம் பாருங்கள். டி.ஓ.ரி. எழுத்து இல்லாவிட்டாலும் நாலு இலக்கம் சிறு கட்டத்துக்குள் இருக்கும்.

ஐந்து வருடம் கடந்த ரயரை வருடத்துக்கு ஒருக்காவாவது தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் மாற்றவேண்டும் என்பது ரயர் நிறுவனங்களே சொல்வது. இறப்பருக்குள், அதில் கீறல் விழுவதைத் தடுக்கும் பொருட்கள் கலந்திருக்கின்றன. ரயர் ஓடி மடங்கும்போது அவை மேலே வந்து பாதுகாக்கும். ஓடாமல் நிற்கும் ரயரில் அந்த வேலை நடக்காது, வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் அதை மெல்லமெல்லக் காயவைத்துவிடும். வெளிநாட்டு உறவுகளின் கார்கள் எங்கள் ஊரில் எத்தனை கொட்டில்களில் நிற்கின்றன! அவற்றைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரும் இன்றைக்கே அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் மீண்டும் திறந்தது. அதனால் வீதியில் பழைய கார்கள் பெருகிவிட்டன, பழைய ரயர்களும் அவற்றோடு ஓடுகின்றன.

தேய்மானமும் காயமும்

தவாளிப்புக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். அவை 1.6 மி.மீ. உயரம். பக்கத்து இறப்பர் தேய்ந்து அந்த மேட்டோடு மட்டமானால் ரயர் முடிந்தது. அதற்கு முன் அளந்து பார்க்க, ஈர்க்கைத் தவாளிப்பின் அடிவரை விட்டு, மேல்மட்டத்தில் நகத்தால் பிடித்து, எடுத்து அடிமட்டத்தில் வையுங்கள். மேட்டின்மேல் குத்தாமல் இரண்டு மேடுகளுக்கு நடுவில் அளக்கவேண்டும். மூன்று மி.மீ.க்குக் குறைந்திருந்தால் மாரி மழைக்கு முன் மாற்றிவிடுவேன். வெள்ளம் நிற்கும் வீதியில் நீரை வெளியேற்றுவது அந்தத் தவாளிப்புத்தான்.

உள், நடு, வெளி என்று மூன்று இடத்திலும் அளந்து பாருங்கள். நடுமட்டும் தேய்ந்தால் காற்று அதிகம், இரு கரையும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. ஒரு கரை மட்டும் என்றால் வீல் அலைன்மென்ட் பார்க்கவேண்டும்.

பக்கச்சுவரைத் தடவிப் பாருங்கள். புடைப்பு ஏதாவது கையில் பட்டால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது. குழியிலோ மதகுக் கரையிலோ மோதியபோது நடந்திருக்கும். அதற்கு வைத்தியம் இல்லை, அந்த ரயரோடு தூரப்பயணம் வேண்டாம். பழைய கார் வாங்கும்போது பளபளக்கும் பூச்சுப் போட்ட ரயரை நன்றாகக் கழுவிவிட்டுப் பாருங்கள், நுண்ணிய வெடிப்புகளைப் பூச்சு மறைத்துவிடும்.

காற்று

சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். ஜப்பானியக் காரில் கே.பி.ஏ. அலகில் எழுதியிருப்பார்கள். 220 என்றால் 32 பி.எஸ்.ஐ., 240 என்றால் ஏறக்குறைய 35. அந்த அளவுதான் உங்கள் காருக்கு. ரயரிலேயே மாக்சிமம் 44 பி.எஸ்.ஐ. என்று இருப்பதைப் பார்த்து அதுவரை அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அது மீறக்கூடாத எல்லை, அடிக்கவேண்டிய அளவல்ல. ஓடிச் சூடான ரயரில் அமுக்கம் கூடிக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்காதீர்கள். ஆறியபின் குறைவாகிவிடும். குறைந்த காற்றோடு ஓடினால் பக்கச்சுவர் அதிகம் மடங்கும், மடங்க மடங்கச் சூடேறும். பழைய ரயரை வெடிக்கவைப்பது அந்தச் சூடுதான்.

இப்போது டிக்கியைத் திறந்து மேலதிக ரயரையும் வெளியே எடுங்கள். அதிலும் நாலு இலக்கம் இருக்கிறது, கொப்பியில் எழுதுங்கள். மெல்லியதாக, அளவுக்கு முன்னால் ரி (T) என்ற எழுத்தோடு இருந்தால் அது தற்காலிக ரயர். அதற்கு 60 பி.எஸ்.ஐ. காற்று வேண்டும், மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓடக்கூடாது. மாங்குளத்தில் நான் எடுத்தபோது அதில் 20கூட இருக்கவில்லை. ஒரு லொறிக்காரர் நிறுத்திக் காற்றடித்துத் தந்தபிறகுதான் வவுனியாவரை மெதுவாகப் போய்ச் சேர்ந்தேன். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில் ஐந்தையும் பார்க்கிறேன்.