வீஆர் கண்ணாடியில் நீர்வீழ்ச்சியைக் காட்டாதீர்கள்

மேல் கொத்மலை அணைக்கட்டு இலங்கை மலையகத்துத் தலவாக்கலைப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. டவுனுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியர்களே, தலையில் மாட்டினால் வேறோர் இடத்துக்குள் நிற்பது போலக் காட்டும் வீஆர் (மெய்நிகர்) கண்ணாடி கைக்கு வந்ததும் அதே அணையையும் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியையும் 360 பாகை வீடியோவாகக் காட்டுவதுதான் பெரிய தவறு. பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள், விஞ்ஞானம் ஒன்றும் மனதில் நிற்காது.

அவர்கள் கண்ணுக்குப் படாதது வேறு. அந்த அணைத் தண்ணீர் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ஓடி, நிலத்துக்கு அடியில் இருக்கும் மின்நிலையத்தில் டர்பைனைச் சுழற்றுகிறது. 150 மெகாவாட் வரை மின்சாரம் அங்கேதான் பிறக்கிறது. சுழலும் காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் நடுவில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், அப்போதுதான் அந்தக் கண்ணாடிக்கு வேலை. தேயிலையும் அப்படித்தான். கொழுந்து அம்மாவின் கூடையிலேயே இருக்கிறது. இலைக்குள் வெளிச்சத்தைக் கொண்டு உணவு தயாரிக்கும் பச்சையவுருமணியைக் காட்டுங்கள். ஆகவே எந்தப் பாடம் என்று முதலில் முடிவெடுங்கள், செயலியை அப்புறம் தேடலாம்.

ஒரே கண்ணாடி, நாற்பது பிள்ளைகள் என்றால் வரிசையில் நிற்க வைக்காதீர்கள். போட்டிருப்பவர் பார்ப்பதைச் சொல்லட்டும், மற்றவர்கள் அதைக் கேட்டுப் படம் வரையட்டும். பிறகு படங்களை ஒப்பிட்டுப் பேசுங்கள். பாடம் உண்மையில் நடப்பது அந்தப் பேச்சில்தான்.

தலைசுற்றலை அலட்சியம் செய்ய வேண்டாம். கண் நகர்வதாகச் சொல்கிறது, சமநிலையை உணரும் உட்செவி நகரவில்லை என்கிறது, அந்த முரண்பாட்டில்தான் குமட்டல் வருகிறது. ரம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு இதிலும் வர வாய்ப்பு அதிகம். எல்லோரையும் உட்கார வையுங்கள், பத்து நிமிடத்தோடு நிறுத்துங்கள். முடியவில்லை என்று சொல்லும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தவே கூடாது. மெட்டா நிறுவனம் தன் குவெஸ்ட் என்ற வீஆர் கண்ணாடியை 10 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம் என்கிறது. சின்ன வகுப்புகளுக்கு வேண்டாம்.

சிக்னலை நம்பி வகுப்பைத் தொடங்காதீர்கள். தேவையானதை முதல் நாளே பதிவிறக்கி, சார்ஜும் ஏற்றி வையுங்கள்.

அப்புறம் பனி. காலைக் குளிரில் கண்ணாடியின் வில்லை (லென்ஸ்) சில்லென்று இருக்கும், முகத்தில் வைத்ததும் ஆவி படியும். காயட்டும் என்று வெயில் விழும் ஜன்னலோரத்தில் வைத்துவிடாதீர்கள். பூதக்கண்ணாடியால் கடதாசியை எரிப்பது போல, அந்த வில்லை வெயிலைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, சற்று நேரம் அறைச் சூட்டில் வைத்தால் போதும். வேலை முடிந்ததும் பெட்டியில் போட்டு மூடிவிடுங்கள்.